டிடிஎஸ் 640, தண்ணீர் இனிக்கிறது: பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

பென்னாகரத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் ஒரு சிற்றூரில் சென்ற ஆண்டு வீடு கட்டிக் குடிவந்தோம். வீட்டுக்கென்று 620 அடிக்கு போர் போட்டிருக்கிறோம். ஒகேனக்கல் குடிநீர்க் குழாயும் வாசலில் இருக்கிறது என்றாலும் எங்கள் தெருவுக்கு நான்கு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது. சில வாரங்களில் அதுவும் இல்லை. ஆகவே குடிக்கவும் சமைக்கவும் பெரும்பாலும் போர் தண்ணீர்தான். அது கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கிறது, உவர்ப்பு இல்லை, சோப்பு நன்றாக நுரைக்கிறது, பருப்பு சீக்கிரம் வேகிறது. இப்படி ஒரு நல்ல தண்ணீர் அமைந்ததே என்று மகிழ்ந்திருந்தோம்.

சென்ற வாரம் சுத்திகரிப்பு இயந்திரம் விற்கும் ஒருவர் வந்து, பேனா போன்ற ஒரு மீட்டரைத் தம்ளரில் நனைத்து, டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் பொருள்களின் மொத்த அளவு, 640 என்று காட்டினார். பிறகு இரண்டு ஜோடிக் கம்பிகள் கொண்ட ஒரு கருவியை எடுத்து, ஒரு ஜோடியை எங்கள் தண்ணீரிலும் மற்றதைத் தம்முடைய இயந்திரத் தண்ணீரிலும் விட்டு மின்சாரம் கொடுத்தார். ஒரே நிமிடத்தில் எங்கள் தண்ணீர் செம்பழுப்பாகிச் சேறுபோலத் திரண்டுவிட்டது. அவருடையது அப்படியே தெளிவாக நின்றது. என் மனைவி அன்றே இயந்திரத்தை வாங்கிவிட வேண்டும் என்கிறார். என் தந்தையோ, அறுபத்தெட்டு வருடமாகக் குடித்த தண்ணீர் தமக்கு என்ன செய்துவிட்டது என்று கேட்கிறார்.

எங்களுக்கு ஐந்து வயதில் ஒரு மகள். இதே ஊரில் வளர்ந்த என் அக்காள் மகனுக்குப் பதினோரு வயதாகிறது. அவனுடைய முன்பற்களில் சுண்ணாம்பு தடவியதுபோல வெண்திட்டுகளும் அவற்றின் நடுவே பழுப்புக் கோடுகளும் இருக்கின்றன, எத்தனை தேய்த்தாலும் போவதில்லை. அடுத்த மாதம் என் தங்கையும் பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வருகிறாள். இந்தத் தண்ணீரைத் தொடர்ந்து குடிக்கலாமா என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நீர்ப்பகுப்பாளர் எழுதியது:

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தேழு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் அந்தச் செம்பழுப்புச் சேற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது உங்கள் தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல. கருவியிலுள்ள இரும்புக் கம்பி மின்சாரத்தால் கரைந்து துருவாகத் திரண்டதே அது. மின்சாரம் பாய வேண்டுமானால் தண்ணீரில் உப்புகள் இருக்க வேண்டும். உப்பெல்லாம் நீக்கப்பட்ட தண்ணீரில் மின்சாரம் பாயாததால் அந்தக் கம்பி கரைவதில்லை. அவ்வளவுதான் வித்தை. இளநீரில் அந்தக் கம்பியை விட்டாலும் அதே சேறு வரும்.

640 என்ற எண்ணும் தன்னளவில் அச்சப்பட வேண்டியதன்று. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் (ஐஎஸ் 10500) கரைந்த திடப்பொருள்களின் மொத்த அளவை லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. அந்த மீட்டர் மின்கடத்தலை அளந்து மொத்தக் கரைசலை மதிப்பிடுகிறதே தவிர, கரைந்திருப்பது எது என்று அதற்குத் தெரியாது. 640இல் 638 பங்கு தீங்கற்ற உப்பாகவும் மீதி 2 பங்கு உங்கள் மகளின் பல்லைக் கெடுக்கும் பொருளாகவும் இருந்தாலும் அது 640 என்றுதான் காட்டும்.

என்னைக் கவலைப்பட வைப்பது நீங்கள் பெருமையாகச் சொன்ன மூன்று அடையாளங்கள்: உவர்ப்பில்லை, சோப்பு நுரைக்கிறது, பருப்பு சீக்கிரம் வேகிறது. சோப்பு நுரைக்கிறது என்றால் தண்ணீரில் சுண்ணச்சத்து, அதாவது கால்சியம், குறைவு. பருப்பு சீக்கிரம் வேகிறது என்றால் கால்சியம் குறைவாக இருப்பதோடு ஆப்பசோடாவின் தன்மையுடைய பைகார்பனேட்டும் மிகுதியாக இருக்கக்கூடும். உங்கள் பகுதியின் கெட்டிப் பாறைகளில் புளோரைடு கலந்த கனிமங்கள் உண்டு. ஆழத்தில் நெடுங்காலம் பாறையோடு உறவாடிய தண்ணீரில் அது மெல்லக் கரைகிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் புளோரைடு அதோடு சேர்ந்து படிந்துவிடும். கால்சியம் குறைந்த தண்ணீரில் அதைப் பிடித்து வைக்க ஆளில்லை. அதனால்தான் புளோரைடு மிகுந்த தண்ணீர் பல ஊர்களில் குடிப்பதற்கு இனிமையான தண்ணீராகவே இருக்கிறது. மணமும் நிறமும் சுவையும் அதற்குக் கிடையாது.

உங்கள் அக்காள் மகனின் பல்லைக் கேட்டவுடன் எனக்குத் தோன்றியதும் இதுவே. ஒகேனக்கல் திட்டத்தின் முழுப் பெயரிலேயே புளோரோசிஸ் (புளோரைடு மிகுதியால் பல்லும் எலும்பும் கெடும் நோய்) பாதிப்பைத் தணிப்பது என்ற சொற்கள் இருக்கின்றன. ஜப்பான் நிதியுதவியோடு 2013இல் பயன்பாட்டுக்கு வந்த அந்தத் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீர் கொண்டுவந்ததற்கு முதற்காரணமே நிலத்தடி நீரிலுள்ள புளோரைடுதான்.

இயந்திரத்தை இப்போது வாங்காதீர்கள், முதலில் பரிசோதனை. புளோரைடுக்கான மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில் எடுக்கக் கூடாது, கண்ணாடியோடு அது வினைபுரியும்; பிளாஸ்டிக் புட்டியில் எடுங்கள். போரை ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, புட்டியை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, கழுத்துவரை நிரப்புங்கள். மாவட்டத்திலுள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம்.

மேட்டுக்காட்டார் எழுதியது:

அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். எங்கள் பாட்டனும் பூட்டனும் இதே மண்ணில் தண்ணீர் குடித்து எண்பது வயது வரை ஏர் ஓட்டினார்கள். செம்புக் குடத்தில் ஊற்றி வைப்பார்கள், கலங்கல் தண்ணீர் என்றால் தேற்றாங்கொட்டையை உரைப்பார்கள், தினமும் புளிக்குழம்பு சாப்பிடுவார்கள். புளி இந்தப் புளோரைடை வெளியேற்றிவிடும் என்று நானே படித்திருக்கிறேன். ஊருக்கு ஊர் கம்பெனிக்காரன் வந்தபிறகுதான் தண்ணீரில் நோய் வந்தது.

நீர்ப்பகுப்பாளர் எழுதியது:

ஐயா, தங்கள் பாட்டனார் குடித்தது எந்தத் தண்ணீர் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அவர் குடித்தது நாற்பது, ஐம்பது அடிக் கிணற்றில் ஆண்டுதோறும் மழையால் புதுப்பிக்கப்பட்ட ஊற்று நீர். பேரன் குடிப்பது அறுநூறு அடிக்குக் கீழே பாறை இடுக்கில் நெடுநாள் கிடந்த நீர். மண் ஒன்றுதான், தண்ணீர் வேறு. அதே வேளையில், இந்த நோய் கம்பெனிக்காரர்களோடு வந்ததும் அல்ல. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில், தண்ணீரிலுள்ள புளோரைடால் பல்லும் முதுகெலும்பும் கெட்டுப்போனவர்களைப் பற்றி ஷார்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1937இலேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள்.

செம்புக் குடம் இரவு முழுக்க வைத்தால் கிருமிகளைக் குறைக்கும், தேற்றாங்கொட்டை கலங்கலைப் படியவைக்கும். இரண்டும் உண்மையான வித்தைகளே, ஆனால் கரைந்திருக்கும் புளோரைடு இரண்டுக்கும் அகப்படாது. புளியைப் பற்றித் தாங்கள் படித்ததும் பொய்யன்று. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் நடத்திய ஆய்வில், புளி உண்ட சிறுவர்களின் சிறுநீரில் புளோரைடு கூடுதலாக வெளியேறியது. ஆனால் ஓட்டைப் படகில் தண்ணீரை இறைத்துக்கொண்டே போவதைப் போன்றதுதான் அது; தினமும் உள்ளே போகும் அளவைக் குறைக்காமல் புளியை மட்டும் நம்ப முடியாது.

வெண்பல் எழுதியது:

சேலத்தில் பல் மருத்துவராக இருக்கிறேன். பென்னாகரத்து அன்பர் சொன்ன வெண்திட்டும் பழுப்புக் கோடும் என்னிடம் வாரம் இரண்டு மூன்று முறையாவது வருகின்றன. பெரும்பாலும் திருமணத்துக்குப் பேசிக்கொண்டிருக்கும் பெண்கள். சிறுமியாக இருந்தபோது வந்திருந்தால் என்று நினைப்பேன், சொல்வதில்லை.

பல்லின் மேற்பூச்சான எனாமல் ஈறுக்குள்ளேயே உருவாகி முடிந்த பிறகுதான் பல் வெளியே முளைக்கிறது. நிலைப்பற்களின் எனாமல், கடைசியாக முளைக்கும் ஞானப்பற்களை விட்டுவிட்டால், ஏறத்தாழ எட்டு வயதுக்குள் உருவாகிவிடும். அந்த ஆண்டுகளில் புளோரைடு அளவுக்கு மீறிப் போனால் எனாமல் நுண்துளைகளோடு உருவாகிறது. சுண்ணாம்பு வெண்மை அதனால் வருவது. முளைத்த பிறகு அந்தத் துளைகளில் கறை ஏறிப் பழுப்பாகிறது. ஆகவே அக்காள் மகனின் பல்லில் இப்போது தெரிவது அவன் மூன்று, நான்கு வயதில் குடித்த தண்ணீரின் பதிவு. ஐந்து வயது மகளின் முன்பற்கள் பெரும்பாலும் ஈறுக்குள் உருவாகிவிட்டிருக்கும், பின்வரிசைப் பற்கள் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும். எனவே ஆய்வக முடிவு வரும்வரை காத்திருக்காமல், இன்றிலிருந்தே அவளுக்குக் குடிக்கவும் அவளுடைய சோறு வேகவும் காவிரித் தண்ணீரைத் தனியே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சமையலை நான் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குடிப்பதற்கு மட்டும் கேன் தண்ணீர் வாங்கிவிட்டுச் சோறு, குழம்பு, களி, டீ எல்லாவற்றையும் போர் தண்ணீரில் செய்யும் வீடுகள் மிகுதி. அரிசியும் பருப்பும் உறிஞ்சிக்கொள்ளும் தண்ணீர் புளோரைடோடுதான் உள்ளே போகிறது. கொதிக்கவைத்தால் தண்ணீர் ஆவியாகுமே தவிர புளோரைடு ஆவியாகாது. டீத்தூளிலேயே புளோரைடு உண்டு என்பதால் அந்தத் தண்ணீரில் போட்ட கடுங்காப்பியை விடக் கட்டன் டீ மோசம்.

எலும்பைப் பற்றியும் ஒரு சொல். வயதானவர்களின் கழுத்துப் பிடிப்பும் இடுப்பு விறைப்பும் வாதம் என்றே பெரும்பாலும் மருந்து பெறுகின்றன. மூன்று எளிய சோதனைகள் உண்டு: முழங்காலை மடக்காமல் குனிந்து தரையிலுள்ள நாணயத்தை எடுக்க முடிகிறதா, முகவாயை மார்பில் தொட முடிகிறதா, கைகளைத் தூக்கி மடித்துப் பிடரியைத் தொட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் உடனே புளோரோசிஸ் என்று முடிவு கட்டிவிட வேண்டாம், ஆனால் முன்கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது. அங்குள்ள இரண்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள சவ்வில் கால்சியம் படிந்திருந்தால் படத்தில் தெரியும்.

உங்கள் மாவட்டத்துக் கேழ்வரகை மறந்துவிடாதீர்கள். நூறு கிராம் கேழ்வரகில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. உணவில் கால்சியம் இருந்தால் குடலில் புளோரைடு ஏறுவது குறையும்.

கோண்டாவிலான் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குப் புளோரைட்டை விட நைத்திரேற்றுத்தான் (உங்கள் பக்கத்தில் நைட்ரேட் என்பீர்கள்) பெரிய தலையிடி. குடாநாட்டில் மேலே மெல்லிய செம்மண், கீழே சுண்ணக்கல். தோட்டத்துக்குப் போடும் யூரியாவும் மலசலகூடக் குழியில் ஊறுவதும் மழையோடு நேரே கிணற்றுக்கு இறங்கிவிடும். அந்தத் தண்ணீரும் தெளிவாகத்தான் இருக்கும், சுவையும் மாறாது. எங்கள் வளவில் கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் அப்பா காலத்தில் விட்ட இடைவெளி, பிள்ளைகள் வீட்டைப் பெருப்பித்தபோது காணாமற்போனது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து அளந்து காட்டும்வரை நாங்கள் அதை யோசிக்கவேயில்லை.

தங்கையார் பிரசவத்துக்கு வருகிறார் என்று எழுதியிருந்தீர்கள். சிறு குழந்தையின் வயிற்றில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைக் காவ விடாமல் செய்துவிடும். குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்த ஆபத்து இல்லை. மாப்பால் கரைத்துக் கொடுக்கும் வீட்டில்தான் ஆபத்து, அதிலும் கிருமி போகட்டும் என்று தண்ணீரை நெடுநேரம் கொதிக்க வைக்கிறவர்கள் நைத்திரேற்றை இன்னும் செறிவாக்கிக் கொடுக்கிறார்கள். ஆகவே புளோரைட்டோடு அதையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

பென்னாகரத்தான் எழுதியது:

மூன்று வாரத்துக்குப் பிறகு வருகிறேன். ஓர் அலுவலகத்தில் மாதிரியை வாங்கிக்கொண்டு, எழுத்தர் விடுப்பில் இருக்கிறார் என்று பத்து நாள் அலைய விட்டார்கள். அதற்கிடையில் எங்கள் ஊராட்சியில் தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டி வைத்திருக்கும் ஒரு சகோதரி வீட்டுக்கே வந்து பார்த்தார். சிறு குழாயில் எங்கள் தண்ணீரை அளந்து ஊற்றி, ஒரு புட்டியிலிருந்து மருந்தைச் சேர்த்துக் குலுக்கியபோது இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய நிறம் மஞ்சளாக வெளிறிப்போயிற்று. வண்ண அட்டையில் வைத்துப் பார்த்து, "அண்ணா, ரெண்டுக்கு மேல இருக்குது" என்றார். பத்து ரூபாய்க்கும் குறைவான மருந்தில் தெரிந்த விஷயம் இது.

பிறகு ஆய்வக அறிக்கையும் வந்தது. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் புளோரைடு 2.8, நைட்ரேட் 58, மொத்தக் கடினத்தன்மை 140, காரத்தன்மை 380. கிருமிச் சோதனைக்கு இரண்டு மாதிரிகள் கொடுத்தேன். போரில் நேரடியாகப் பிடித்ததில் ஒன்றுமில்லை. சமையலறைக் குழாயில் பிடித்ததில் ஈ கோலை என்ற குடல் கிருமி இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். செப்டிக் டேங்குக்கும் போருக்கும் உள்ள தூரத்தை இப்போதுதான் அளந்தேன், முப்பது அடிகூட இல்லை.

நீர்ப்பகுப்பாளர் எழுதியது:

அறிக்கையில் மூன்று தனித்தனிக் கதைகள் இருக்கின்றன, மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

புளோரைடுக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம், வேறு வழியில்லாதபோது 1.5. உங்களுடையது 2.8. வெயிலில் வேலை செய்யும் ஒருவர் நாளுக்கு நான்கு லிட்டர் குடித்தால் தண்ணீரிலிருந்து மட்டும் 11 மில்லிகிராம் உள்ளே போகிறது. நைட்ரேட் 45ஐத் தாண்டக் கூடாது, அதற்குத் தளர்வே இல்லை. 58 என்பது உங்கள் செப்டிக் டேங்கின் கைவரிசையாக இருக்கலாம். போரின் மேற்பகுதியில் இறக்கிய கேசிங் குழாயைச் சுற்றிச் சிமெண்டுப் பால் ஊற்றி அடைத்திருக்கிறார்களா என்று போர் போட்டவரைக் கேளுங்கள். அடைக்காமல் விட்டிருந்தால் மேல்மட்டக் கசிவு குழாயின் வெளிப்புறமாகவே கீழே இறங்கிவிடும்.

ஈ கோலை போரில் இல்லை, குழாயில் இருக்கிறது என்றால் குற்றவாளி உங்கள் மேல்தொட்டி. மூடி சரியில்லாமல் ஓணானோ அணிலோ விழுந்திருக்கலாம். தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள். நான்கில் ஒரு பங்கு குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் 1000 லிட்டருக்கு 4 கிராமைக் குழைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி அரை மணி நேரம் விட்டுப் பயன்படுத்துங்கள். கடையில் திறந்த மூட்டையில் கிடந்த பவுடரில் வீரியம் போயிருக்கும். மூன்றில் உடனே நோயாக்கக் கூடியது இதுதான். புளோரைடு பத்தாண்டில் செய்வதை இது இரண்டு நாளில் செய்யும்.

புளோரைடை நீக்குவதற்கு, படிகாரமும் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் சேர்த்துப் படியவைக்கும் நல்கொண்டா முறை என்று நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ஒன்று உண்டு. காரத்தன்மைக்கு ஏற்பப் படிகார அளவை மாற்ற வேண்டும் என்பதால் வீட்டில் கண்மதிப்பாகச் செய்ய நான் பரிந்துரைக்க மாட்டேன். நைட்ரேட்டும் சேர்ந்திருப்பதால் உங்களுக்கு ஆர்ஓ, அதாவது தண்ணீரை ஒரு மென்படலத்தின் வழியே அழுத்தி உப்புகளை நீக்கும் இயந்திரம்தான் பொருந்தும். விற்பனைக்காரர் காட்டிய வித்தை பொய்யாக இருந்தும் அவர் விற்ற பொருள் உங்களுக்குத் தேவையானதாக அமைந்துவிட்டது!

வடிகட்டிக்காரன் எழுதியது:

பதினைந்து ஆண்டுகளாக ஆர்ஓ பழுதுபார்க்கிறேன். ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பல இயந்திரங்களில் தண்ணீருக்குச் சுவை கூட்டுவதற்காக ஒரு சிறு திருகு வைத்திருப்பார்கள், டிடிஎஸ் கன்ட்ரோலர் என்பார்கள். மென்படலத்துக்குப் போகாத தண்ணீரில் ஒரு பங்கைச் சுத்தமான தண்ணீரோடு அது கலந்துவிடுகிறது. புளோரைடு உள்ள ஊரில் அது செய்கிற வேலை, கதவைப் பூட்டிவிட்டுச் சன்னலைத் திறந்து வைப்பது. 2.8 உள்ள தண்ணீரை மென்படலம் 0.3ஆகக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்; திருகு பாதிக்குப் பாதி கலந்தால் தம்ளரில் இருப்பது 1.55. மீட்டரில் 350 காட்டும், வாடிக்கையாளரும் திருப்தியடைந்துவிடுவார். திருகை முழுக்க மூடச் சொல்லுங்கள்.

அந்தப் பேனா மீட்டரையும் தூக்கி எறிய வேண்டாம். உள்ளே போவது 640, வெளியே வருவது 50 என்று இயந்திரம் புதிதாக இருக்கும்போதே சுவரில் எழுதி வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை அளந்தால், வெளியே வருவது ஏற ஏற மென்படலம் நைந்துகொண்டிருக்கிறது என்று அறியலாம்.

மேட்டுக்காட்டார் எழுதியது:

சிமெண்டுப் பால் விஷயத்தை நானும் என் போர்க்காரரிடம் கேட்டேன், ஊற்றவில்லையாம். போகட்டும். ஆர்ஓவிலிருந்து வீணாகும் தண்ணீரை மாட்டுக்குக் காட்டலாமா என்பதை யாராவது சொல்லுங்கள். ஒரு குடம் தண்ணீருக்கு மூன்று குடம் சாக்கடைக்குப் போவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

நீர்ப்பகுப்பாளர் எழுதியது:

காட்ட வேண்டாம் ஐயா. நான்கு குடத்தில் ஒரு குடம் சுத்தமாகப் பிரிந்தால் மற்ற மூன்று குடத்தில் புளோரைடு 2.8இலிருந்து 3.6 ஆகிவிடும், நைட்ரேட்டும் அதே விகிதத்தில் ஏறும். அசைபோடும் மாட்டின் வயிற்றில் நைட்ரேட் எளிதில் நைட்ரைட்டாக மாறும். மாட்டின் பல்லையும் புளோரைடு விடுவதில்லை. பாத்திரம் தேய்க்கவும் கழிவறைக்கும் வீடு கழுவவும் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

மழைநீரையும் எண்ணிப் பாருங்கள், அதில் புளோரைடு அநேகமாக இல்லை. ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு முப்பது லிட்டர் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 11,000 லிட்டர் போதும். ஆயிரம் சதுர அடித் தளத்தில் பெய்யும் மழை அதற்குப் பல மடங்கு. முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, வெளிச்சம் புகாத மூடிய தொட்டியில் சேர்த்து, குடிக்குமுன் கொதிக்கவைக்க வேண்டும்.

பென்னாகரத்தான் எழுதியது:

இயந்திரம் வாங்கித் திருகையும் மூடியாகிவிட்டது. மறுபரிசோதனையில் புளோரைடு 0.4, நைட்ரேட் 9. தொட்டிக்குள் ஓணானே கிடந்தது. இரண்டு பேர் இறங்கிக் கழுவினோம்.

வெண்பல் அம்மா சொன்ன நாணயச் சோதனையை நேற்று விளையாட்டாக வீட்டில் எல்லோரும் செய்து பார்த்தோம். மகள் ஐந்து முறை எடுத்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். என் தந்தை பாதி தூரம் குனிந்து, கை முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட, நிமிர்ந்து, காசு ரொம்பச் சின்னதாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார். பிடரியைத் தொடவும் அவரால் முடியவில்லை. திங்கட்கிழமை தருமபுரிக்கு அழைத்துப்போய் முன்கையை எக்ஸ்ரே எடுக்க இருக்கிறோம்.

வெண்பல் எழுதியது:

எக்ஸ்ரேயோடு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவையும் இரத்தத்தில் பார்த்துவிடுங்கள். உடலிலிருந்து புளோரைடை வெளியேற்றுவது சிறுநீரகம்தான். வாதம் என்று இதுவரை அவர் வாங்கிச் சாப்பிட்ட வலி மாத்திரைகளின் சீட்டுகள் வீட்டில் இருந்தால், அவற்றையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.